பெட்டி வைக்க ஓர் இடம்

நம் வயதுக்காரர்கள் வீடுகளில் தவறாமல் ஒரு நாற்காலி இருக்கும். உட்காருவதற்கு இல்லை. துவைத்த துணி, துவைக்க வேண்டிய துணி, ஒரு தடவை போட்டாயிற்று, இன்னொரு தடவை போடலாம் என்று விட்டுவைத்த துணி, எல்லாம் அதன்மேல்தான் குவிந்து கிடக்கும். யாராவது வந்துவிட்டால் அப்படியே அள்ளிக் கட்டில்மேல் போடுவோம். அவர்கள் படியிறங்கியதும் மறுபடி நாற்காலிக்கு. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது என்று யாரும் சொல்லாதீர்கள், நான் நம்பப் போவதில்லை. என் வீட்டில் அப்படி இரண்டு நாற்காலிகள்.

என் மகளுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தும் வீடியோக்களைக் கைப்பேசியில் ஓயாமல் பார்க்கிறாள். வெள்ளை வெளேரென்று ஒரு கூடம், அதில் ஒரு கூடை, ஒரு செடி. அந்த வீட்டில் யாராவது புளி கரைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். போன வாரம் என் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு வருஷமா தொடாத பொருள் வீட்ல இருக்கவே கூடாதும்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதே வாக்கியத்தை ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது அவர் வேலை பார்த்த கம்பெனி. மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் புரியும்.

அப்போது நாங்கள் பென்னலூர்ப் பக்கம் இருந்தோம். முன்னறை, படுக்கும் அறை, பின்னால் சிமென்ட் அட்டை போட்ட சமையலறை. அதற்குள் அப்பா, அம்மா, நான், என் தம்பி, அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும்போது ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு வந்தவள், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடுதான் இருந்தாள்.

அத்தைக்கென்று அந்த வீட்டில் ஓர் இடம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வீட்டின் இடுக்குகளில் அவள் இருந்தாள். அவளுடைய சீப்பு சமையலறைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருக்கும். வெற்றிலைப் பை ஓர் ஆணியில் தொங்கும். பாய் கதவுக்குப் பின்னால் நிற்கும். மாற்றுச் சேலை கொடியிலேயே இருக்கும், உடுத்தியது காய்ந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பெட்டி மட்டும் எந்த இடுக்கிலும் நுழையாது. அது முன்னறையில், நடக்கும் வழியில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். தம்பி அதைத் தட்டித் தட்டித் தாளம் போடுவான். அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் டிபன் கேரியரை அதன்மேல்தான் வைப்பார்.

அப்பாவை வளர்த்தது அத்தைதான். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அத்தை கூலிக்கு நாற்று நட்டு, களை எடுத்து, தன் தம்பியை ஐடிஐ வரை படிக்க வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பஸ்ஸின் நம்பரைக் கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். இதையெல்லாம் அப்பாவே எங்களை உட்கார வைத்துச் சொல்வார். சொல்லும்போது அவர் குரல் கம்மும். அக்காமேல் பாசமில்லாத மனிதர் இல்லை அவர், அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமையலறை முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். துவரம்பருப்பு நசுங்கிய டப்பாவில், சர்க்கரை மூடியில் கிளி வரைந்த டப்பாவில், உப்பு காதுடைந்த ஜாடியில், மிளகாய்த்தூள் யாரோ கொடுத்த பிஸ்கட் டின்னில். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. கரண்ட் போன சமயத்திலும் கையை நீட்டினால் கேட்டது வரும். அவள் வைக்கும் ரசத்தின் பெருங்காய வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பக்கத்து ரூமில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பையன்கள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நெல் விளைந்த இடத்தில் நீளமாகக் காம்பவுண்டு சுவர். காலையில் பால்காரருக்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். அப்பா பல பட்டறைகளில் அலைந்த பிறகு, காருக்குத் தகரப் பாகங்கள் அழுத்தித் தரும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். நீலச் சட்டை, கறுப்பு பூட்ஸ். பர்மனென்ட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பேரைச் சொல்வது மாதிரிதான் சொல்வோம். பர்மனென்ட் ஆனால் தம்பியை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். பர்மனென்ட் ஆனால் மேலே ஓர் அறை போடலாம்.

அந்தக் கம்பெனியில்தான் அவருக்கு ஃபைவ் எஸ் பிடித்தது. பிடித்தது என்றால் காய்ச்சல் பிடிப்பது போலத்தான். வேண்டியது வேண்டாதது பிரி, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, துடை, அதையே வழக்கமாக்கு, ஒருநாளும் விட்டுவிடாதே. ஜப்பான்காரன் கண்டுபிடித்தது என்று வியந்து வியந்து சொல்வார். "ஸ்பேனர் தொங்குற பலகையில அந்த ஸ்பேனரோட உருவத்தையே வரைஞ்சி வெச்சிகிறான். எடுத்தா அங்க காலியாத் தெரியும். இன்னா காணும்னு ஒரு நொடியில சொல்லிடலாம். நம்ம வூட்ல ஒரு கத்திரிக்கோலத் தேடி அர நாளு போவுது!" என்பார்.

எனக்கு இப்போது அவர்மேல் கோபம் வருவதில்லை. அடுத்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்து வளர்ந்தவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்பதைப் பார்த்ததும் மயங்கிப் போயிருக்கிறார்.

அந்தக் கோடையில் கம்பெனியில் ஒரு போட்டி வைத்தார்கள். தொழிலாளிகள் வீட்டிலும் ஃபைவ் எஸ் செய்ய வேண்டும், ஆபீசர்கள் நேரில் வந்து பார்த்துப் பரிசு தருவார்கள். அப்பாவின் லைன் சூப்பர்வைசர், "பர்மனென்ட் லிஸ்ட் போடும்போது இதையும் பாப்பாங்கபா" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த சாமான்களெல்லாம் வாசலுக்கு வந்தன. ஓட்டை விழுந்த சல்லடை. தம்பியின் நடைவண்டி, ஒரு சக்கரம் இல்லாதது. பாடாத ரேடியோ. பழைய காலண்டர் சாமிகள். நாடா வெளியே வந்த கேசட்டுகள். என் பலகை சிலேட்டு. அம்மா கல்யாணத்தில் வந்த, மூக்குடைந்த கூஜா. இவ்வளவு பொருளும் எங்களோடுதான் இருந்தனவா என்று மலைப்பாக இருந்தது. வெயிலில் பார்க்கும்போது எல்லாமே கொஞ்சம் வெட்கப்படுவது போல் இருந்தன.

கம்பெனியில், தேவையா இல்லையா என்று தெரியாத பொருளுக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டிவிடுவார்களாம். உரியவன் வந்து அதை அவிழ்த்து, இது எனக்கு இன்னதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தப் பொருள் வெளியே போகும். அப்பா ஒரு கட்டு அட்டை கொண்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட, ஓட்டையும் கயிறும் உள்ள அட்டைகள். முன்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றிலும் மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் ஒரே மாதிரி 'தேவையில்லை' என்று எழுதி வைத்துவிட்டார்.

"ஒரு வருஷமா தொடாத பொருளு வூட்ல இருக்கக்கூடாது. யாருக்கு எது வேணுமோ அட்டைய அவுத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க. மிச்சம் காயலாங்கடைக்கு" என்றார்.

அம்மா கூஜாவில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்தாள். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, "எங்கம்மா குடுத்ததுங்க" என்றாள். அப்பா யோசித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். தம்பி நடைவண்டிக்காக அழுதான், நடக்கலை.

அத்தை அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா முன்னறைக்குள் போனார். நடுவழியில் பச்சைப் பெட்டி. குனிந்து அதன் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டினார்.

"அண்ணி பொட்டிங்க அது" என்றாள் அம்மா.

"தெரியாதா எனக்கு? தூக்கியா போடப் போறேன்? நட்ட நடுவுல கீது பாரு. அதுவே வந்து அவுத்து, எங்க வெக்கலாம்னு சொல்லட்டும். வூட்ல அல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

அத்தை அரிசிப் பையோடு வந்தாள். பெட்டியில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவிழ்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அப்பா அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தார். "பாத்தியா, அவுக்கவே மாட்டேங்குது. வீம்பு" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். பெட்டி சமையலறைக்குப் போனது, அங்கிருந்து கட்டிலடிக்குப் போக முயன்று முடியாமல், பின்கட்டில் குளியலறைச் சுவரோரம் போய் உட்கார்ந்தது. அட்டை அதன் கைப்பிடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு டப்பாக்கள் வந்தன. ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே மூடியோடு ஒரு வரிசை டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் அப்பா வெள்ளைத்தாள் ஒட்டி எழுதினார். துவரம்பருப்பு. உளுந்து. சர்க்கரை. உப்பு. கிளி மூடி டப்பா உள்பட பழையவையெல்லாம் காயலாங்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அலமாரியைப் பார்க்க எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, கடைபோல் இருந்தது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்கு அத்தை டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் வாசலில் போய்த் துப்பினார். உப்பு.

"எழுதி ஒட்டி வெச்சிகிறேன்ல யக்கா! பாத்துப் போடக்கூடாதா?"

அத்தை இரண்டு கையிலும் இரண்டு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். "அல்லாம் ஒரே மாரி கீதுடா" என்றாள்.

அப்பாவுக்கு ஷிப்ட் அலுப்பு. தலையில் அடித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். அக்காவுக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? நம் வீட்டில் ஒருவரால் எது முடியாது என்பதைத்தான் நாம் முதலில் மறந்து போகிறோம். அதற்கப்புறம் அத்தை ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போடுவாள். சமையல் முடிய நேரமாயிற்று. "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க தண்ணி மட்டும் புடிச்சி வெச்சிடுங்க" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். திருநெல்வேலிப் பையன்கள் கிண்ணத்தோடு வருவது நின்றுபோனது.

கடைசியாக மஞ்சள் பெயின்ட். கம்பெனியில் கோடு போட்டு மிச்சமானதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம், கேஸ் சிலிண்டருக்கு ஒரு கட்டம், செருப்புக்கு ஒரு கட்டம். வாசல் கதவுக்கு உள்பக்கமும் கரண்ட் மீட்டருக்குக் கீழேயும் இரண்டு காலிக் கட்டங்கள். கதவு தடையில்லாமல் திறக்க வேண்டும், மீட்டரை எட்ட வேண்டும், அதனால் அங்கே எதுவும் வைக்கக்கூடாது. அதையும் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்.

அத்தை ஒருநாள் தோட்டத்திலிருந்து கீரையைக் கிள்ளிக் கூடையோடு வந்து, முட்டி வலிக்கிறதென்று கதவுக்குப் பின்னால் இருந்த காலிக் கட்டத்தில் இறக்கி வைத்தாள். அப்பா பார்த்துவிட்டார். காலால்தான் தள்ளினார். கீரை தரையெல்லாம் சிதறியது.

"மஞ்சா கோடு போட்டுச் சும்மா கீற எடத்துல எதியும் வெக்காத, வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது?"

"சரிடா. இனிமே வெக்கல. வுடு" என்று அத்தை உட்கார்ந்து கீரையைப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவள் சுவரை ஒட்டியே நடந்தாள். கோடுகளின்மேல் கால் படாமல், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஈரத் தரையில் நடப்பது போல் இருக்கும்.

ஆபீசர்கள் வருவதாகச் செய்தி வந்தது. அப்பா கொல்லைப்பக்கம் போய் அத்தை எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ரெண்டு நாளு பிள்ளைப்பாக்கம் போய் வாயேன். நம்ம சித்தி வூட்ல இருந்துட்டு."

"ஏன்டா?"

"ஆபீசருங்க வராங்க. கம்பெனியில குட்த்த ஃபாரத்துல வூட்ல நாலு பேருன்னு எழுதிகீது. கூட ஒரு ஆளு கீதேன்னு கேட்டாங்கன்னா பதில் சொல்லிகினு இருக்கணும்."

"பொட்டி?" என்றாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். குடத்துக்கும் சிலிண்டருக்கும் செருப்புக்கும் இடம் கண்டுபிடித்தவருக்கு அதற்கு ஓர் இடம் தோன்றவில்லை. "அதையும் எடுத்துகினு போயேன். இங்க வெக்க எடமில்ல பாரு. அவங்க வந்துட்டுப் போனதும் நானே வந்து இட்டாறேன்" என்றார்.

"சரிடா" என்றாள் அத்தை.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் பெட்டியை ஏற்றப் பக்கத்து ரூம் திருநெல்வேலிப் பையன் ஒருவன் ஓடி வந்தான். "என்ன அத்தை, பெட்டியும் கையுமா கிளம்பிட்டிய? யாரு எங்களுக்கு ரசம் தருவா?" என்றான்.

"ரெண்டு நாளுதாம்பா" என்றாள் அத்தை.

பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்குவதை அம்மா அப்போதுதான் கவனித்தாள். பதறிப்போய் அவிழ்க்கக் கை நீட்டினாள். அத்தை தடுத்தாள். "இருக்கட்டும் வுடு. இது இருந்தா எங்கனா தொலஞ்சாக்கூட வூட்டுக்கு வந்து சேந்துடும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பா முகம் செத்துப்போயிற்று. அவள் குத்திக் காட்டுகிறாள் என்று அவர் நினைத்தார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆட்டோ போன பிறகு, "பேசறத பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆபீசர்கள் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கம்பெனியில் வேறு ஏதோ ஆடிட் என்றார்கள், பெரியவர் லீவு என்றார்கள். இன்று வரலாம், நாளை வரலாம் என்ற நிலையில் அத்தையைக் கூட்டிவர அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. நாங்கள் அந்த வீட்டில் சத்தமில்லாமல் வாழ்ந்தோம். சாப்பிட்ட தட்டைக் கையோடு கழுவினோம். தம்பி பொம்மையை எடுத்தால் விளையாடி முடிக்குமுன்னே அம்மா அதை உரிய இடத்தில் வைத்துவிடுவாள். வீடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. சாவு எடுத்த வீட்டையும் அப்படித்தான் கழுவி விடுவார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்து, முதல் மழையும் பெய்த பிறகு ஒருநாள் வந்தார்கள். மூன்று பேர். டப்பா வரிசையைப் படம் எடுத்தார்கள். மஞ்சள் கோடுகளைப் பார்த்து, "பிரமாதம்பா" என்றார்கள். கலர் குடித்தார்கள். ஒருவர் என் தம்பியின் கன்னத்தைத் தட்டி, "வீட்ல எத்தனை பேர்?" என்று அப்பாவிடம் கேட்டார். "நாலு பேர் சார்" என்றார் அப்பா.

எங்களுக்குத்தான் முதல் பரிசு. கம்பெனி பெயர் போட்ட ஒரு சுவர்க்கடிகாரம். அந்த வருடக் கடைசியில் பர்மனென்ட் லிஸ்ட் வந்தது, அதில் அப்பா பெயர் இல்லை. அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று அதே சூப்பர்வைசர் கேட்டாராம்.

அத்தையைக் கூட்டிவர லிஸ்ட் வரும்வரை அப்பா காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீசர்கள் வந்துபோன மறுநாளே பிள்ளைப்பாக்கம் போனார். அத்தை அங்கே இல்லை. அப்பாவுடைய அந்தச் சித்தி வீட்டிலும் இடநெருக்கடிதான். சுங்குவார்சத்திரத்தில், கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமைக்க ஆள் கேட்டார்கள் என்று போய்விட்டிருந்தாள். அப்பா அங்கேயும் போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார்.

"வரலியா?" என்றாள் அம்மா.

"அங்க கட்டிலு குட்த்துகிறாங்களாம். கட்டிலுக்கடியில பொட்டி வெக்க எடமும் குட்த்துகிறாங்களாம். அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்குது" என்றார் அப்பா. அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்த வார லீவில், முன்னறையில் ஜன்னலை ஒட்டி இருந்த எங்கள் புத்தக அலமாரியைத் தூக்கிப் படுக்கும் அறைக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தைக் கழுவினார். பச்சைப் பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கையால் காற்றில் அளந்து பார்த்துக்கொண்டு, தரையில் ஒரு மஞ்சள் கட்டம் போட்டார். அதற்கு மேலே, சுவரில், கறுப்பு பெயின்டில் எழுதினார். தட்டும் துணியும் வைக்கும் இடங்களிலெல்லாம் எங்கள் வாய்க்கு வருகிற மாதிரி 'அம்மா', 'பாப்பா', 'தம்பி' என்று எழுதியிருந்தவர், இங்கே 'அத்தை' என்று எழுதவில்லை. 'அக்கா' என்று எழுதினார்.

"சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள் அம்மா.

"வேணாம். யாரும் ஒண்ணியும் சொல்லக்கூடாது. அதுவே வந்து பாக்கட்டும்." அவர் அப்படித்தான். மன்னிப்பு கேட்கத் தெரியாதவர், அதற்குப் பதிலாக வேலை செய்வார்.

பொங்கலுக்கு அத்தை வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். ஹாஸ்டலில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், பெட்டியை நம்பி விட்டுவிட்டு வர முடியவில்லை என்றாள். பெட்டியைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி, கைப்பிடியில் அந்தச் சிவப்பு அட்டை இன்னும் தொங்குவதையும் அவர் பார்த்தார்.

அத்தை பெட்டியை வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோரத்துப் புதுக் கட்டத்தையும், மேலே எழுதியிருந்ததையும் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டத்தைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பொங்கல் வைத்தோம், படைத்தோம், சாப்பிட்டோம். பெட்டி வாசலிலேயே வெயிலில் இருந்தது. அப்பா வாசலையும் ஜன்னலோரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அடிக்கடி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அத்தை போகும்போதெல்லாம் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனாள், வந்தாள். ராத்திரி தங்குவாள் என்று அம்மா பாயை எடுத்து வைத்திருந்தாள். இருட்டுவதற்கு முன்னால் அத்தை எழுந்து, "நான் கெளம்பறேன்டா" என்றாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார்.

"எங்க அக்காவுக்கு எம்மேல மனசு ஆறல. எடத்தக் காட்டியும் வேணான்னுட்டுது. அந்த அட்டைய இன்னும் கட்டிகினு வருது பாரு, எனக்குக் காட்டத்தான்" என்றார் திரும்பி வந்து. எங்கள் எல்லாருக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அதற்கப்புறம் அத்தை வருடத்துக்கு ஒருமுறை வருவாள், பெட்டி இல்லாமல். ஜன்னலோரத்துக் கட்டத்தில் அப்பா யாரையும் எதையும் வைக்க விடவில்லை. ஃபைவ் எஸ் மெல்ல மெல்ல வீட்டை விட்டுப் போயிற்று. டப்பாக்களின் தாள் உரிந்தது, உப்பு ஜாடியொன்று எங்கிருந்தோ திரும்பி வந்தது, கோடுகள் தேய்ந்தன. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அவர் வருடா வருடம் பெயின்ட் அடித்தார். கான்ட்ராக்டாகவே இருந்து, ஒருநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். அப்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அத்தை வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சாமியானா பந்தலும் நாற்காலிகளும் சனங்களுமாக, அன்று அந்தக் கட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த வருடம் சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து ஒருநாள் அத்தையின் ஹாஸ்டலுக்குப் போனேன். இரும்புக் கட்டில், மடித்த போர்வை, அடியில் பச்சைப் பெட்டி. சமையல்கட்டில் அவள் டப்பாக்களை எட்டிப் பார்த்தேன். ஒன்றைப்போல ஒன்று இல்லை.

டீ கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அத்தே, அந்தப் பொங்கலுக்கு ஏன் நீ பொட்டிய உள்ள கொண்டாந்து வெக்கல? அப்பா உனக்குன்னுதானே ஜன்னலாண்ட எடம் வுட்டிருந்தாரு?"

"எந்த எடம்?"

"மஞ்சா கட்டம் போட்டிருந்தாரே."

"அதுலயா?" அத்தை என்னை விநோதமாகப் பார்த்தாள். "மஞ்சா கோடு போட்டுச் சும்மா கீற எடத்துல எதியும் வெக்கக்கூடாதுன்னு உங்கப்பன்தானே சொன்னான்? அதான் வாசல்லயே வெச்சேன். எங்கனா வெக்கச் சொல்லுவான், சொல்லுவான்னு பாத்தேன். அதுக்குத்தானே தலையில தூக்கினு வந்தேன்."

"மேல எழுதியிருந்துச்சே அத்தே."

"எழுதிகினு இருந்துச்சி. எனக்கு இன்னா தெரியும்? இன்னா எழுதியிருந்தான்?"

"அக்கான்னு."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே கம்பெனி பஸ் ஒன்று நின்று, பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டது. அவர்கள் எல்லாரும் மாடியேறிப் போகும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு குனிந்து, கட்டிலடியிலிருந்து பெட்டியை முன்னுக்கு இழுத்தாள். கைப்பிடியில் அந்த அட்டை. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், அன்று எல்லா அட்டையிலும் எழுதிய அப்பாவின் பெரிய எழுத்துகள் அழியாமல் இருந்தன. கயிறு மட்டும் புதியது, அவளே மாற்றிக் கட்டியிருக்க வேண்டும்.

"இதுவும் அவன் கட்டி வுட்டதுதான். வூட்டு விலாசம்னு இத்தினி நாளும் நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். முந்தானையால் அதைத் துடைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இதுலயும் அதான் எழுதிகிறானா?"

நான் அதைக் கையில் வாங்கிப் படித்தேன்.

"ஆமா அத்தே" என்றேன். "இதுலயும் அதேதான்."